பத்து நாளில் ஒரு பதில்: படைவீரர் பிள்ளைகளின் கல்விக்கான மாநிலங்களிடை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர்கள்,
மிலிட்டரி இன்டர்ஸ்டேட் சில்ட்ரன்ஸ் காம்பாக்ட் கமிஷன்,
லெக்சிங்டன், கென்டக்கி.

மதிப்புக்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் படைவீரர்களின் பிள்ளைகள் மாநிலம் மாறும்போது படிப்பு தடைபடாமலிருக்க மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்குமாக நீங்கள் 51 பேர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடி, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் எங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி முடிவெடுக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் முன் வைப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. கடைசி வரை படிக்க நேரமில்லாதவர்களுக்காக அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வேறு மாநிலத்தில் படித்து முடித்த பாடத்தைக் காட்டி, இங்குள்ள கட்டாயப் பாடத்திலிருந்து விலக்குத் தருமாறு ஒரு படைவீரர் குடும்பம் எழுதிக் கேட்டால், பள்ளி நிர்வாகம் பத்து வேலை நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். இதை ஒரு விதியாக நிறைவேற்றித் தாருங்கள்.

இதை எழுத என்னைத் தூண்டியது ஓர் ஊதா நாடா. ஏப்ரல் மாதம் படைவீரர் பிள்ளைகளின் மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். பாதுகாப்புச் செயலராக இருந்த காஸ்பர் வைன்பெர்கர் 1986-இல் அறிவித்து, இன்றுவரை நடந்து வருவது. கடந்த ஏப்ரலில் என் மகளின் பள்ளியிலும் எல்லோரும் அந்த மாதத்துக்குரிய நிறமான ஊதாவில் சட்டை அணிந்து வந்தார்கள். வாசலில் பலூன் கட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அழைத்து, அடிக்கடி ஊர் மாறும் பிள்ளைகளின் மனவுறுதியைப் பற்றி மேடையேறி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார் பள்ளி ஆலோசகர். ஆகஸ்டு மாதம் நாங்கள் கொடுத்த விலக்கு விண்ணப்பம் அதே ஆலோசகரின் அறையில்தான் ஒன்பது மாதமாக இருக்கிறது. அன்று மாலை சட்டையில் குத்தியிருந்த நாடாவைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, "அந்த விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு மேடையிலேயே கேட்டிருக்கலாமாம்மா?" என்றாள். கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் "பெரியவங்களை அப்படிக் கேட்கக் கூடாது" என்று சொல்லி வைத்தேன். அவளுக்குப் பதிலாக நான் கேட்கிறேன்.

அவளுடைய படிப்பின் வரைபடத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் கோப்புகளில் இதைப் போல ஆயிரம் இருக்கும். டெக்சாஸில் ஃபோர்ட் பிளிஸ் தளத்தில் என் கணவர் இருந்தபோது அவள் நான்காம் வகுப்பு. அந்த மாநிலத்தில் நான்காம் வகுப்பில் டெக்சாஸ் வரலாறு படிக்க வேண்டும். 1836-இல் ஆலமோ கோட்டைப் போரில் மாண்டவர்களின் பெயர்களை இரவில் என்னிடம் ஒப்பித்துக் காட்டுவாள். அடுத்து வாஷிங்டன் மாநிலத்தில் லூயிஸ்-மெக்கார்டு தளம். கொரோனாக் காலத்து ஏழாம் வகுப்பு. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கொலம்பியா ஆற்றின் அணைகளையும் பழங்குடியினரின் மீன்பிடி உரிமைகளையும் படித்தாள், ஏனென்றால் அங்கே வாஷிங்டன் மாநில வரலாறு கட்டாயம். பிறகு ஹவாயில் ஸ்கோஃபீல்டு பாசறை. ஒன்பதாம் வகுப்பில் ஹவாய்த் தீவுகளின் நவீன வரலாறு, அரை கிரெடிட், அதுவும் கட்டாயம். அரசி லிலியுவோகலானி 1893-இல் ஆட்சியை இழந்தபோது ஹொனலூலுவில் அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் இறக்கப்பட்ட கதையைப் படித்துவிட்டு வந்து, "அப்பாவும் படைதானே?" என்று அவள் கேட்டதும், அவர் அன்றைக்கு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் தனிக் கதை.

மூன்று மாநிலங்களின் வரலாற்றைப் படித்து முடித்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்புக்கு நான்காவது மாநிலத்துக்கு வந்தாள். இங்கும் பள்ளி முடிக்க மாநில வரலாறு வேண்டும். இங்குள்ள பிள்ளைகள் அதை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆகஸ்டு மாதம் பள்ளி திறக்குமுன்பே, ஹவாய்ப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தின் நகலையும் இணைத்து விலக்குக் கேட்டோம். உங்கள் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஒத்த பாடத்தை வேறிடத்தில் முடித்திருந்தால் விலக்கு அளிக்க வேண்டும், இல்லையேல் மறுப்புக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், விலக்கு இல்லையென்றாலும் மாணவர் உரிய காலத்தில் பள்ளியை முடிக்க மாற்று வழி தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடிட்டு, விண்ணப்பத்தோடு வைத்தேன்.

செப்டம்பரில் "பார்க்கிறோம்" என்றார்கள். அக்டோபரில் தொலைபேசியில் கேட்டபோது, "எங்கள் மாநிலத்தில் எல்லோரும் இதைப் படித்துத்தான் ஆக வேண்டும்" என்றார்கள். அதை எழுத்தில் தாருங்கள் என்றேன். எழுத்தில் தர மாவட்ட அலுவலகம்தான் அதிகாரம் பெற்றது என்றார்கள். மாவட்ட அலுவலகம், இது பள்ளி முதல்வரின் முடிவு என்றது. மாநில அளவில் கேட்டேன். மிகுந்த மரியாதையோடு, மாவட்டத்தை அணுகுமாறு பரிந்துரைத்தார்கள். ஒரு முழுச் சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தபோது நவம்பர் நடுப்பகுதி. இவர்களில் ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் என் கணவரின் சேவைக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியையாவது எழுத்தில் கொடுத்திருந்தால் கோப்பில் ஒரு தாளாவது சேர்ந்திருக்கும்.

பதில் வராமல் பாடத்தைக் கைவிட முடியாது. அதனால் என் மகள் காலை முதல் மணி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மாநிலத்தின் வரலாற்றைப் படிக்கிறாள். பதினேழு வயதுப் பெண் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே. அவர்கள் அவளை முதலில் உதவி ஆசிரியை என்று நினைத்தார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். சிரிக்க முடியாதது வேறொன்று. கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. இயற்பியல் வகுப்பும் அதே முதல் மணி நேரத்தில்தான் நடக்கிறது. அந்தப் பள்ளியில் அதற்கு ஒரே ஒரு பிரிவுதான். ஆகவே, பொறியியல் படிக்க விண்ணப்பித்த என் மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலில் இயற்பியல் இல்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ஏன் இல்லை என்று விளக்கம் எழுத இடம் இருந்தது. "பள்ளி மறுத்தது" என்று எழுதலாமென்றால், மறுத்ததற்குச் சான்று இல்லை. மறுப்பே இல்லாத ஒரு மறுப்பை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? இதுதான் என் இடர்ப்பாட்டின் முடிச்சு. உங்களிடம் நான் கேட்கும் விதி அவிழ்க்கக்கூடிய முடிச்சும் இதுவே. மறுப்புக் கடிதம் ஒன்று செப்டம்பரில் கையில் இருந்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு மேலே போயிருப்பேன். பாடம் தொடங்கிப் பல வாரம் ஆகுமுன் இயற்பியல் வகுப்பில் இடமும் மிஞ்சியிருக்கும்.

என் கணவர் அப்போது இங்கே இல்லை. ஒன்பது மாதச் சுழற்சிப் பணிக்காகத் தென்கொரியாவின் ஹம்ஃப்ரீஸ் தளத்துக்குப் போயிருந்தார். இங்கே இரவு என்றால் அங்கே பகல்; பணி இடைவேளையில் அழைத்து, அவர் கேட்கும் முதல் கேள்வி "பதில் வந்ததா?" என்பதுதான். வாரத்துக்கு இரண்டு முறை, "இன்னும் இல்லை" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் புறப்பட்ட வாரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு நாள் விடுப்பைப் பள்ளி தயங்காமல் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஐந்தாம் பிரிவு. முன்பொருமுறை வாஷிங்டன் மாநிலத்துக்கு மாறியபோது, நான் கையில் கொண்டுபோன நகலை மட்டும் வைத்து முதல் நாளே வகுப்பில் அமர்த்தினார்கள். அது நான்காம் பிரிவு. உங்கள் ஒப்பந்தம் வேலை செய்யும்போது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் கண்டவள் என்பதால்தான், அது வேலை செய்யாத இடத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

வேலை செய்யும் இடத்துக்கும் செய்யாத இடத்துக்கும் என்ன வேறுபாடு என்று ஒப்பந்தத்தை மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்த்தேன். பழைய பள்ளி அதிகாரபூர்வ ஆவணங்களை அனுப்ப 10 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேவையான தடுப்பூசிகளைப் போட 30 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் கணக்கு எழுதப்பட்ட இடங்களில் பள்ளி எழுத்தர்கள் நாள்காட்டியைப் பார்த்து வேலை செய்கிறார்கள். ஏழாம் பிரிவில் "தக்க காரணம்" கேட்டிருக்கிறீர்கள். எத்தனை நாளுக்குள், எந்த வடிவில் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2008-இல் பத்து மாநிலங்களோடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்களைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும். ஆகவே சிலவற்றைத் தளர்வாக விட்டிருப்பீர்கள். நியாயம்தான். ஆனால் 2014-இல் நியூயார்க்கும் சேர்ந்து எல்லா மாநிலங்களும் உள்ளே வந்துவிட்டன. இனியும் யாரைத் தாஜா செய்ய வேண்டியிருக்கிறது?

உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று யாராவது சொல்வார்களானால், பன்னிரண்டாம் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். விதி இயற்றும் அதிகாரம் உங்களுடையது. பிடிக்காவிட்டால் பெரும்பான்மை மாநிலச் சட்டமன்றங்கள் சேர்ந்துதான் உங்கள் விதியை நீக்க முடியும். ஒரு பள்ளி அலுவலகம் பத்து நாளில் ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக இருபத்தாறு சட்டமன்றங்கள் கொதித்தெழும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கென்று நீதிமன்றம் போகும் வழி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். விதிமீறல்களைப் பெற்றோர் ஆணையத்துக்குத் தெரிவிக்க ஒரு வழிமுறை வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவில் சொல்லிவிட்டு, அதே மூச்சில், இதனால் உங்கள் மீதோ உறுப்பு மாநிலத்தின் மீதோ வழக்குத் தொடுக்கும் உரிமை எவருக்கும் பிறந்துவிடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாநிலங்களுக்கிடையிலான பிணக்கை நீங்கள் தீர்க்க முயல்வதும் ஓர் உறுப்பு மாநிலம் கேட்டுக்கொண்டால்தான். பதிமூன்றாம் பிரிவில் வரும் தண்டனைகளெல்லாம் மாநிலத்துக்கானவை: எச்சரிக்கை, பயிற்சி, கடைசியில் ஒப்பந்தத்திலிருந்து நீக்கம். ஒரு வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு மாநிலத்தையே வெளியேற்ற மாட்டீர்கள். வெளியேற்றவும் வேண்டாம், அங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? கோடரிதான் இருக்கிறது, ஊசி இல்லை. நான் கேட்பது அந்த ஊசியை.

இந்த இடத்தில் சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் அமைய வேண்டிய மாநிலக் குழுவில் குறைந்தபட்சம் யார் யார் இருக்க வேண்டும் என்று எட்டாம் பிரிவில் பட்டியலிட்டிருக்கிறீர்கள். மாநிலக் கல்வித் தலைவர், படைவீரர் பிள்ளைகள் மிகுந்த ஒரு மாவட்டத்தின் கண்காணிப்பாளர், படைத்தளத்தின் பிரதிநிதி, சட்டமன்றத்திலிருந்து ஒருவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். விரும்பினால் பிறரையும் சேர்த்துக்கொள்ளலாமாம். பிள்ளையின் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிப் பள்ளியாக அலைகிற தாய்க்கு அந்தக் கட்டாயப் பட்டியலில் இடமில்லை. தேசிய அளவிலும் பெற்றோர் அமைப்புகள் வந்து உட்காரலாம், வாக்கு மட்டும் கிடையாது. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளைப் பந்தி முடிந்த பிறகு ஓரமாக உட்கார வைத்த மாதிரி இருக்கிறது.

கணக்கைப் பற்றியும் ஒன்று. உறுப்பு மாநிலங்கள் உங்களுக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்தை, அந்த மாநிலத்தில் இருக்கும் படைவீரர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுகிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் அந்த எண்ணிக்கையில் தவறாமல் இருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளி மாற்றம் குறித்த தரவுகளைச் சீரான முறையில் திரட்ட வேண்டிய பொறுப்பும் ஒன்பதாம் பிரிவில் உங்களுக்கே இருக்கிறது. ஆனால் எழுத்தில் பதிலே வராத விண்ணப்பம் எந்தக் கணக்கில் ஏறும்? மறுக்கப்பட்டதாகவும் ஏறாது, ஏற்கப்பட்டதாகவும் ஏறாது. தலையை எண்ணுகிறோம், தலைவலியை எண்ண வழியில்லை என்றாகிவிடுகிறது. எழுத்தில் பதில் என்ற விதி வந்துவிட்டால், அந்தப் பதிலின் ஒரு நகல் அந்தந்த மாநில ஆணையருக்குப் போனாலே போதும்; எத்தனை கேட்டார்கள், எத்தனை மறுத்தார்கள் என்ற கணக்கு உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

இதையெல்லாம் தமிழில் எழுதுவானேன் என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வரும். ஆனால் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. என் கணவரைப் படையில் சேர்த்ததே இந்த மொழிக்காகத்தான். குடியுரிமை பெறாதவர்களைப் படையில் சேர்க்க 2009-இல் தொடங்கிய மாவ்னி (MAVNI) திட்டத்தில், நாட்டுக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழ் தெரியும் என்று தேர்வெழுதிக் காட்டி, 2014-இல் சீருடை அணிந்து, அதன் வழியே குடியுரிமை பெற்றார். 2016-இல் அந்தக் கதவு மூடப்பட்டது. அதற்குள் வந்து சேர்ந்த குடும்பங்கள் எங்களைப் போல இன்னும் சில, தளத்துக்குத் தளம் சிதறிக் கிடக்கின்றன. படைக்குத் தமிழ் வேண்டியிருந்தது என்றால், படைவீரரின் மனைவி முறையிடும்போது மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள் அல்லவா? இந்த மடலைப் படிக்கும் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்தும், அதன் பதிலை முதல் இரண்டு முறை நான் வாயால் கேட்டு நாளைக் கெடுத்தேன்.

கோபத்தில் சில சொற்கள் கூடிப்போயிருக்கலாம். லெக்சிங்டனில் இருக்கும் உங்கள் அலுவலகத்தின் மீதோ, ஆணையர்களில் எவர் மீதோ எனக்குத் தனிப்பட்ட புகார் இல்லை. இந்தப் பள்ளியின் பெயரையும் மாநிலத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. என் மகளுக்கு இன்னும் சில வாரங்கள் அங்கே வேலை இருக்கிறது. மேலும், பெயரை எழுதினால் அந்தப் பள்ளியைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு விவகாரம் முடிந்தது என்று வைத்துவிடுவார்கள். அந்தப் பள்ளி ஒன்றும் விதிவிலக்கான பள்ளி இல்லை. பதில் சொல்லாமல் இருப்பதால் அதற்கு எந்த இழப்பும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே மிகுந்த பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். விலக்குக் கோரும் விண்ணப்பத்துக்குப் பத்து வேலை நாள்களுக்குள் எழுத்தில் பதில், மறுப்பென்றால் காரணத்தோடு, நகல் ஒன்று மாநில ஆணையருக்கு. பத்து நாளில் பதில் இல்லையென்றால் விலக்கு அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அது முடியாதென்றால் முதல் மூன்றும் போதும். வரும் ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கவும், வரைவு விதியாகக் கருத்துக் கேட்புக்கு அனுப்பவும் வேண்டுகிறேன். கருத்துக் கேட்புக்கு நேரில் வரச் சொன்னால் வருகிறேன். கோப்பும் தயாராக இருக்கிறது.

என் மகளுக்கு இந்த விதியால் இனி ஒரு பயனும் இல்லை. ஜூனில் பள்ளியை முடித்துவிடுவாள். நான்கு மாநில வரலாறும் மனப்பாடம், இயற்பியலைக் கல்லூரியில் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஆனால் மகன் ஆறாம் வகுப்பில் இருக்கிறான். என் கணவர் கொரியாவிலிருந்து திரும்பிவிட்டார். அடுத்த கோடைக்குள் இன்னோர் இடமாற்ற ஆணை வரக்கூடும் என்று பட்டாலியனில் பேச்சு அடிபடுகிறது. எந்த மாநிலம் என்று தெரியாது. நேற்று இரவு மகன் தன் அக்காவிடம் போய், எந்தெந்த மாநிலத்தில் எந்த வகுப்பில் வரலாறு கட்டாயம் என்று ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறான். அவளும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,

ஒரு சார்ஜன்ட்டின் மனைவி,
இரண்டு பிள்ளைகளின் தாய்.